பனி என்றால் அழகா, அச்சமா?

கேள்வி: மஞ்சூர் அருகே எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பனிக்காலம் பற்றிய கட்டுரையில், "பனி வந்தால் அப்பா இரவில் தூங்க மாட்டார்" என்று எழுதினாள். சமவெளியிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, "பனியின் அழகை எழுது" என்று குறிப்பிட்டிருக்கிறார். ஒரே சொல் அவருக்கு ஒன்றாகவும் எங்களுக்கு வேறாகவும் இருக்க முடியுமா, ஐயா?
- ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: இருக்க முடியும். 'தெரிபுவேறு நிலையலும் குறிப்பின் தோன்றலும்' என்று சொற்பொருளின் நிலையைத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுத்தார். சொல்லிலேயே வெளிப்படையாகத் தெரிவது ஒன்று; சொல்பவர், கேட்பவர், இடம், காலம் ஆகியவற்றால் குறிப்பாகத் தோன்றுவது மற்றொன்று. உங்களுக்கும் ஆசிரியருக்கும் முதலாவது பொதுவானது. இரண்டாவதில்தான் நீங்கள் பிரிகிறீர்கள்.

சமவெளியில் பனி என்றவுடன் மார்கழி விடியலும் வாசற்கோலமும் புல்நுனித் துளியும் நினைவுக்கு வரும்; வெயில் ஏறினால் அது சுவடில்லாமல் போய்விடும். உங்கள் ஊரிலோ நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துச் சொல்கிறார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண்ணின் சூடு தடையின்றி வெளியேறிவிட, பள்ளத்துத் தோட்டங்களில் குளிர் தேங்கி, கொழுந்தின் மேலுள்ள ஈரமும் இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்துபோகின்றன. மறுநாள் வெயில் பட்டதும் இலை கருகுகிறது. 'பனியில் கருகியது' என்ற பேச்சை முதன்முறை கேட்கும் சமவெளிக்காரர், குளிர் எப்படிக் கருக்கும் என்று திகைப்பார். அவர் ரசிக்கும் தெளிந்த விண்மீன் வானம்தான், தாகைச் செடிகளை வெட்டி வந்து தேயிலையை மூடும் உங்களைத் தூங்க விடுவதில்லை.

உங்கள் மகளின் பக்கம் பழைய தமிழும் நிற்கிறது. 'பனித்தல்' என்றால் நடுங்குதல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பனி என்னும் சொல்லுக்கு நடுக்கம், அச்சம் என்ற பொருள்களும் உண்டு. சங்கப் பாடல்களில் 'பனிவார் கண்' என்பது நீர் வழியும் கண். மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனிக் காலத்தையும் உரியதாக்கினார் தொல்காப்பியர். அந்தத் திணையில், இரவில் மலைவழியே வரும் தலைவனுக்கு என்ன நேருமோ என்று தலைவி அஞ்சுவதைப் பல பாடல்களில் காணலாம். அதே சொல் அப்பர் பெருமானின் 'பனித்த சடை'யில் ஈரமும் குளிர்ச்சியுமாக நம்மை மகிழ்விக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே ஆசிரியர் கண்ட அழகு பொய்யன்று. அதை மட்டுமே பனி என்று கொண்டு வரியை அடித்ததுதான் தவறு.

எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருக்கிறது. நட்டம், கடன், பயம் என்ற சொற்களில் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை. தந்தையின் உறக்கமின்மையை மட்டும் சொல்லி, மற்றதைப் படிப்பவர் உணரும்படி விட்டுவிட்டாள். ஆயினும் தோட்டம் அறியாதவருக்கு அந்தக் குறிப்பு எட்டாது என்பதால், இரவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை அடுத்த வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆசிரியரையும் ஒரு தை மாத விடியலில், வெயில் ஏறும் முன்பே, தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.