கேளுங்க ஆச்சி: மூலக்கூறுக்கு ஃப்ரிட்ஜ் போதாதா?

கேள்வி: பேத்தி வெளியூர்ல பிசிக்ஸ் ஆராய்ச்சி பண்றா. “மூலக்கூறைக் குளுர வைக்கிறேன் ஆயா”ங்கிறா. அதுக்கு வீட்டு ஃப்ரிட்ஜ் போதாதா, எதுக்கு இத்தனை வருசம்? (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

பதில்: ஃப்ரீசரைத் தொறந்து பாருங்க ஆச்சி, சுவத்துல வெள்ளையா பனி அப்பியிருக்கும்ல, காத்துல தனித்தனியா திரிஞ்ச தண்ணி மூலக்கூறுங்கதான் அது, குளுந்ததும் ஒட்டிக்கிச்சு. பேத்திக்கு அது ஆகாது. ஒட்டாம, ஆனா ஓட்டம் அடங்கி நிக்கணும். உங்க முகப்புல அசையாம நிக்கிற காத்துலயே ஒவ்வொரு மூலக்கூறும் செகண்டுக்கு நானூறு ஐநூறு மீட்டர் பறக்குது.

அணுன்னா எதிர்ல லேசர் அடிச்சே அடக்கிடலாம். மூலக்கூறு சுத்தும், அதிரும், ஒளியை வாங்கி விட்டதும் வேற நிலைக்குத் தாவிடும், அப்புறம் அந்த லேசர் அதுக்கு உறைக்காது. பெரிய வீட்டுல பேரப்புள்ளைய புடிக்கிற கதைதான், வளவுல தேடினா ரெண்டாங்கட்டுல நிக்கும். வாசலுக்கு ஒரு ஆள் நிறுத்துற மாதிரி கூடுதல் லேசர்களைப் போட்டு 2010ல அமெரிக்காவோட யேல் பல்கலைக்கழகத்துல ஸ்ட்ரான்சியம் ஃப்ளோரைடைக் குளுர வச்சாங்க. எல்லா மூலக்கூறும் இதுக்கு மசியாது.

இன்னொரு வழி, 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி ஹீலியம் வாயுக்குள்ள மூலக்கூறை விடுறது. வெயில்ல வந்து ஆத்தங்குடி கல்லு தரையில படுத்தா சூடு எறங்கும்ல, அதேதான்.

எனக்குப் புடிச்சது மூணாவது. துருவ மூலக்கூறுன்னா ஒரு முனை லேசா பிளஸ், மறு முனை லேசா மைனஸ் (தண்ணியும் இந்த ஜாதிதான்), அதனால மின்புலம் அதைப் புடிச்சு இழுக்கும். சைக்கிள்ல மிதிக்காம பாலம் ஏறுனா வேகம் கொறையும், மறுபக்கம் எறங்குறப்ப திரும்ப வந்துடும். உச்சிக்குப் போற நேரம் பார்த்து பாலத்தையே உருவிட்டா? எறக்கமே கெடையாது, போன வேகம் போனதுதான். நெதர்லாந்துல நைமேகன்ல 1999ல இப்படி 63 மின்புல மேடு வச்சு, ஒவ்வொண்ணையும் சரியான நேரத்துல அணைச்சு, கார்பன் மோனாக்சைடை செகண்டுக்கு 225 மீட்டர்லேந்து 98 மீட்டருக்கு இழுத்து நிறுத்துனாங்க. அணைக்கிற நேரம் பிசகுனா வேகம் சரியா கொறையாது.

எதுக்கு இத்தனை பாடுன்னா, எலக்ட்ரானோட மின்னூட்டம் சரியான உருண்டையா, துளி கோணலான்னு குளுந்த தோரியம் ஆக்சைடை வச்சுப் பாக்குறாங்க. 2018ல வந்த அளவுலயும் கோணல் தட்டுப்படல, இன்னும் நுணுக்கமா தேடுறாங்க.

ராத்திரி பேத்தி போனை எடுக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க ஆச்சி, ஏதாவது ஒரு லேசர் நகர்ந்திருக்கும்.