எபிரெய தீர்க்கதரிசிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏசாயா, எரேமியா பற்றியவை. பழைய வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன். வசன எண்ணை எழுதும்போது அது தமிழ் வேதாகமத்து எண்ணா, எபிரெயப் பதிப்பின் எண்ணா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாததால் சில கடிதங்களுக்குப் பதிலே எழுத முடியவில்லை.

நான் வாங்கிய எபிரெய வேதாகமத்தில் மல்கியா மூன்று அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. நான்காம் அதிகாரத்தைக் காணோம். அச்சுப்பிழையா?

பிழை இல்லை. நம்முடைய 4:1-6 அங்கே 3:19-24. கடைசி இரண்டு வசனங்களை வாசித்திருந்தாலே எலியாவைப் பற்றிய வாக்கு அங்கே இருப்பது தெரிந்திருக்கும். வாசிக்காமலே கடிதம் எழுதிவிட்டீர்கள். யோவேலில் இதற்கு நேர்மாறு: நமக்கு 3 அதிகாரம், அங்கே 4. நம்முடைய 2:28 அங்கே 3:1. ஏசாயா 9:6 அங்கே 9:5, மீகா 5:2 அங்கே 5:1. மேலே வைத்த வேண்டுகோள் இதற்காகத்தான்.

எழுத்துகளும் அடிப்படை இலக்கணமும் முடித்துவிட்டேன் ஐயா. நேராக ஏசாயாவுக்குப் போகலாமா?

வேண்டாம். யோனாவில் தொடங்குங்கள். மொத்தம் 48 வசனம். இரண்டாம் அதிகாரத்து ஜெபத்தைத் தவிர எல்லாம் உரைநடை. 'அப்புறம் இது நடந்தது' என்று கதை சொல்லும் வய்யிக்தோல் வினைகள் வரிசையாக வந்து கையைப் பிடித்து நடத்திப் போகும். அடுத்து ஆகாய், 38 வசனம். அதன் பிறகு 1 இராஜாக்கள் 17 முதல் 19 வரை எலியாவின் கதை. எபிரெய வரிசையில் அதுவும் தீர்க்கதரிசிகள் பிரிவில்தான் இருக்கிறது. அப்புறம் ஆமோஸ். ஓசியாவை மட்டும் நன்றாகத் தள்ளி வையுங்கள். அதில் பல வசனங்களில் மூல வாசகமே சிக்கலானது, தேர்ந்தவர்களே தடுமாறுகிறார்கள். ஆர்வத்தோடு ஓசியாவில் இறங்கி, மனம் உடைந்து, எபிரெயத்தையே விட்டுவிட்டவர்களை நான் அறிவேன்.

செயலி வழியாக இன்றைய எபிரெயம் படித்து வருகிறேன். தீர்க்கதரிசிகளை வாசிக்க அது போதாதா?

எழுத்துக்கும் சொல்வளத்துக்கும் உதவும். வினைக்குப் போதாது. யிக்தோல் என்றால் எதிர்காலம் என்று அங்கே பழகியிருப்பீர்கள். தீர்க்கதரிசிகளில் அதே வடிவம் வழக்கமாக நடப்பதற்கும், நடக்கக்கூடியதற்கும், நடக்கட்டும் என்கிற விருப்பத்துக்கும் வரும். வய்யிக்தோல் இன்றைய பேச்சில் கிடையவே கிடையாது. வினையை மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.

எரேமியா 31:18-ல் ஸ்ட்ராங் எண் 7725 இரண்டு முறை வருகிறது. என் செயலியில் அந்த எண்ணுக்கு ஏகப்பட்ட அர்த்தங்கள் போட்டிருக்கிறது. என் பிரசங்கத்துக்குப் பொருந்துகிற ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரமே இதே கேள்வி வருகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்ட்ராங் எண்கள் 1890-ல் வெளிவந்த ஒரு சொல்லடைவுக்காக உண்டானவை. ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பை வாசிக்கிற ஒருவர், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது, அதற்கு அடியில் எந்த எபிரெயச் சொல் இருக்கிறது என்று தேடிப் பிடிக்க உதவும் எண். அந்த வேலைக்கு அது அருமையான கருவி. ஆனால் உங்கள் செயலி காட்டுகிற நீண்ட பட்டியலின் பெரும்பகுதி, அந்த எபிரெயச் சொல்லை கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் வெவ்வேறு இடங்களில் எப்படியெல்லாம் பெயர்த்தார்கள் என்கிற பட்டியல். வேறு வசனங்களுக்காக அவர்கள் தேர்ந்த பெயர்ப்பை நீங்கள் எடுத்து இந்த வசனத்தில் ஒட்டுகிறீர்கள்.

இன்னும் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. அந்த எண் 'ஷூவ்' (திரும்பு) என்ற வேரை மட்டும்தான் காட்டும், பின்யானை, அதாவது அந்த வேர் எடுக்கும் வினை வடிவத்தை, காட்டாது. நீங்கள் குறிப்பிட்ட வசனத்தையே பாருங்கள். எப்பிராயீம் பேசுகிறான்: ஹஷிவேனி வெஆஷூவா. முதல் வினை ஹிஃபில் (பிறவினை வடிவம்), இரண்டாவது 'கால்' (அடிப்படை வடிவம்). தமிழருக்கு இதை விளக்கவே தேவையில்லை; பிறவினையும் தன்வினையும் நம் மொழியில் அப்படியே இருக்கின்றன. 'என்னைத் திருப்பும், நான் திரும்புவேன்.' பழக்கப்படாத கன்றுக்குட்டியைப் போல அடிபட்டேன் என்று புலம்புகிறவன், தன்னால் தானாகத் திரும்ப முடியாது, தேவன் திருப்பினால்தான் முடியும் என்கிறான். வசனத்தின் உயிரே அந்தச் சின்ன வேறுபாட்டில் இருக்கிறது. உங்கள் செயலியோ இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டு அதை அழித்துவிட்டது.

சேர்ந்திருப்பதைப் பிரிக்கவும் செய்கிறது. எரேமியா 3:22-ல் ஷூவூ, ஷோவாவீம், மெஷூவோத் என்று ஒரே வேர் ஒரே மூச்சில் மூன்று முறை ஒலிக்கிறது. திரும்புங்கள் என்ற அழைப்பும், அவர்களுடைய சீர்கேட்டின் பெயரும் ஒரே வேரிலிருந்து பிறக்கின்றன. ஸ்ட்ராங் அடைவில் அவற்றுக்கு வெவ்வேறு எண்கள். எண்ணைத் தேடிப் போகிறவர் அந்த ஒலியைக் கேட்கவே மாட்டார்.

இந்த வேர் எரேமியாவில் மட்டும் நூறு முறைக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் பின்யான், பிறகு எழுவாய், பிறகு செயப்படுபொருள் எது என்று எழுதுங்கள். அதன் பின் அகராதியைத் திறங்கள். முதலில் வினை, அப்புறம்தான் அகராதி. பிரசங்கம் செய்கிறவருக்கு இதில் பொறுப்பு இன்னும் அதிகம். கேட்கிறவர்களால் சரிபார்க்க முடியாது.

ஏசாயா 40:3-ல் சத்தம் வனாந்தரத்தில் கேட்கிறதா, வழியை வனாந்தரத்தில் ஆயத்தப்படுத்த வேண்டுமா?

நல்ல கேள்வி. எபிரெய வாசகத்தைப் பாதுகாத்துக் குறியிட்ட யூத அறிஞர்களான மசோரேத்தியரின் இசைக்குறிகளைப் பாருங்கள். 'கோல் கோரே' (ஒரு சத்தம் கூப்பிடுகிறது) முடிந்ததும் சாக்கேஃப் என்ற முறிவுக்குறி நிற்கிறது. 'பம்மித்பார்' (வனாந்தரத்திலே) மேல் இன்னொரு சாக்கேஃப். அடுத்தடுத்து இரண்டு வந்தால் முதலாவதுதான் பெரிய முறிவு. ஆகவே 'ஒரு சத்தம் கூப்பிடுகிறது: வனாந்தரத்திலே கர்த்தருடைய வழியை ஆயத்தப்படுத்துங்கள்.' அடுத்த அடியில் 'அராபாவிலே பாதையைச் செவ்வைபண்ணுங்கள்' என்று இணையாக வருவதும் இதையே உறுதிப்படுத்துகிறது. சவக்கடலோரத்துக் கும்ரான் சமூகத்தாரும் இப்படித்தான் வாசித்தார்கள். தாங்கள் வனாந்தரத்துக்குப் போனதற்கு இந்த வசனத்தையே காரணமாகக் காட்டினார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த்தும் சுவிசேஷங்களும் வனாந்தரத்தைச் சத்தத்தோடு சேர்க்கின்றன. அதுவும் பழைய வாசிப்புதான், அதைத் தவறு என்று தள்ள வேண்டியதில்லை. இசைக்குறிகளை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள்.

உயிர்க்குறிகள் பிற்காலத்தவை என்கிறார்களே. அவற்றை நம்பி வாசிக்கலாமா?

வாசிக்கலாம். திபேரியாவின் மசோரேத்தியர் கி.பி. 7 முதல் 10-ம் நூற்றாண்டு வரை அவற்றைப் பதித்தார்கள் என்பது உண்மை. புதிதாகக் கற்பனை செய்து போடவில்லை. வாய்வழியாக வந்த வாசிப்பைக் குறித்து வைத்தார்கள். 1947-ல் கும்ரானில் முதல் குகைச் சுருள்கள் கிடைத்தபோது ஏசாயா முழுவதும், 66 அதிகாரமும் ஒரே சுருளில் வந்தது. நீளம் ஏழு மீட்டருக்குச் சற்று மேல், ஏறக்குறைய கி.மு. 2-ம் நூற்றாண்டு. அதில் வாவ், யோத் எழுத்துகளை உயிரொலிக்காகத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். பல இடங்களில் பழைய வாசிப்பைச் சரிபார்க்க அது உதவும். வேறுபாடுகளும் உண்டு. 53:11-ல் 'ஒளி' என்ற சொல் அந்தச் சுருளில் இருக்கிறது, செப்துவஜிந்த்திலும் இருக்கிறது, மசோரேத்திய வாசகத்தில் இல்லை. அதற்காகச் சுருள் சொல்வதெல்லாம் சரி என்று ஓடிவிடாதீர்கள். 40:7-8-ல் அதை எழுதியவர் ஒரு பகுதியையே தவறவிட்டு, வேறொரு கை பிறகு சேர்த்திருக்கிறது.

ஏசாயாவில் ஒரு இடத்தில் வரும் ஒரு வார்த்தைக்கு எபிரெயத்தில் வேறு அர்த்தம் என்று ஒருவர் பேசக் கேட்டேன். சரியா?

எந்த இடம்? எந்த வார்த்தை? 66 அதிகாரத்தில் நான் எங்கே தேடுவது? குறிப்போடு மறுபடியும் எழுதுங்கள்.

ஆமோஸ் 5:2-ல் இஸ்ரவேல் விழுந்தாள் என்று இறந்தகாலத்தில் இருக்கிறது. ஆனால் ஆமோஸ் பேசும்போது சமாரியா விழவில்லையே?

விழவில்லை. ஆமோஸ் பேசியது ஏறக்குறைய கி.மு. 760, சமாரியா வீழ்ந்தது 722 வாக்கில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுதான் இந்த வசனத்தின் பயங்கரம். முந்தின வசனத்தில் அவரே இதைக் கீனா என்று சொல்லிவிடுகிறார். அது செத்தவர்களுக்குப் பாடும் ஒப்பாரி. நாஃப்லா லோ-தோசிஃப் கூம், பெதூலத் யிஸ்ராயேல்: மூன்று அழுத்தம், பிறகு இரண்டு. இரண்டாம் பாதி குறைந்து தொய்கிற அந்த நடையைக் கேட்டதும் அங்கே நின்றவர்களுக்கு யாரோ செத்துவிட்டார் என்று புரிந்திருக்கும். செல்வச் செழிப்போடு உயிருடன் இருந்த ஒரு தேசத்தின் முகத்துக்கு நேரே அதற்கே ஒப்பாரி வைக்கிறார். முடிந்த செயலைக் காட்டும் 'காத்தல்' (qatal) வினை வடிவம் அதனால்தான். இதை வெறும் 'தீர்க்கதரிசன இறந்தகாலம்' என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்தால் வசனம் கையைவிட்டுப் போய்விடும். இங்கேயும் முதலில் வினையைப் பாருங்கள், அதோடு சத்தமாக வாசியுங்கள்.

சில சொற்களின் மேல் சின்ன வட்டமும் ஓரத்தில் கோஃப் எழுத்தும் இருக்கின்றன. அந்தச் சொற்களை உச்சரிக்கவே முடியவில்லை.

கெதீவ்-கெரே, அதாவது எழுதியிருப்பதும் வாசிக்க வேண்டியதும். மெய்யெழுத்து உள்ளே இருப்பதன்படி, உயிர்க்குறி ஓரத்தில் இருப்பதற்குரியது. ஓரத்தில் உள்ளதை வாசியுங்கள். ஏசாயா 36:12-ல் அசீரிய ராஜாவின் தூதனான ரப்சாக்கேயின் கொச்சையான சொற்களுக்கு ஓரத்தில் நாகரிகமான சொற்கள் இருப்பதைப் பாருங்கள்.

எரேமியா கிரேக்கத்தில் சிறியது என்பது உண்மையா?

உண்மை. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஜாதிகளுக்கு விரோதமான வாக்குகளும் நமக்கு 46 முதல் 51 வரை என்றால் அங்கே 25:13-ஐ ஒட்டி வருகின்றன. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் வெட்டிவிட்டார் என்று வெகுகாலம் பேசினார்கள். கும்ரான் நான்காம் குகையில் அந்தக் குறுகிய வடிவத்தைச் சேர்ந்த எபிரெயத் துண்டுகளே கிடைத்தபின் அந்தப் பேச்சு அடங்கியது. புத்தகம் இரண்டு பதிப்புகளாக வழங்கி வந்திருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றை வசனம் வசனமாகத் திருத்தாதீர்கள்.

தானியேல் ஏன் தீர்க்கதரிசிகள் பிரிவில் இல்லை?

எபிரெய வரிசையில் அது கெத்துவீம், அதாவது 'எழுத்துகள்' பிரிவு. 2:4-ன் நடுவிலிருந்து 7-ம் அதிகாரம் முடியும்வரை அரமேயம், எனவே எபிரெயம் மட்டும் போதாது.

எந்தப் பதிப்பை வாங்குவது?

ஸ்டுட்கார்ட் பதிப்பு, அதாவது பி.எச்.எஸ். போதும். அது ஏறக்குறைய 1008-ல் எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் கையெழுத்துப் படியைப் பின்பற்றுகிறது. அலெப்போ படி அதைவிடப் பழையது, இன்னும் நுணுக்கமானது. ஆனால் 1947-க்குப் பிறகு பல ஏடுகள் இல்லை. ஒபதியாவும் யோனாவும் அதில் முழுக்கவே கிடையாது. நான் முதலில் வாசிக்கச் சொன்னது யோனாவை என்பதால் அலெப்போவைத் தேடி இப்போது அலைய வேண்டாம். பி.எச்.எஸ். வாங்கினால் அடிக்குறிப்புகளில் உள்ள திருத்த யோசனைகளை முதல் ஆண்டு தொடாதீர்கள். அவற்றில் பல வெறும் ஊகம்.