பினாங்கு, புக்கெட்ல கப்பல விட்டு இறங்கப் போறீங்களா? எத கப்பல்ல புக் பண்ணலாம், எத நாமளே பாத்துக்கலாம்

ஈரோட்லேருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. சிங்கப்பூர்ல ஏறி மலேசியாவுல பினாங்கு, தாய்லாந்துல புக்கெட் பாத்துட்டு திரும்ப சிங்கப்பூருக்கே வர்ற நாலு ராத்திரி க்ரூஸ் புக் பண்ணியாச்சு. அவங்க, வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, மூட்டுவலி இருக்குற 68 வயசு மாமியார், ஆக அஞ்சு பேர், எல்லாரும் சைவம், கப்பல்ல போறது இதான் முதல் தடவ. "கப்பல் ஆப்ல ஷோர் எக்ஸ்கர்ஷன், அதான் கப்பல் நிக்கிற ஊர்ல இறங்கி சுத்திப் பாக்குற டூர், அதோட விலையப் பாத்தா அஞ்சு பேருக்கு பெரிய தொகையா வருது, அதே மாதிரி டூர் வெளில ரொம்ப கம்மியா கிடைக்குது, ஏஜென்ட் ரெண்டு ஊருக்கும் சேத்து பேக்கேஜா இப்பவே கட்டிடுங்கன்னு அவசரப்படுத்துறாரு, என்ன பண்றது?" இதான் கேள்வி.

முதல்ல ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே முடிவா எடுக்காதீங்க. பினாங்கு வேற, புக்கெட் வேற. விலைய அப்புறம் பாக்கலாம், அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டே கேள்வி கேளுங்க, கப்பல் எங்க நிக்குது, நம்ம கைல நெசமா எத்தன மணி நேரம் இருக்கு. இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சாலே எத கப்பல்ல வாங்கணும், எத நாமளே பாத்துக்கலாம்னு தானா தெளிவாயிரும்.

கப்பல்காரங்க டூர் ஏன் விலை கூடன்னா அதுல ஒரு பாதுகாப்பும் சேந்து வருது. அவங்க பஸ் டிராஃபிக்ல மாட்டி லேட்டானா கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாத நிலமைன்னா அடுத்த துறைமுகத்துல கொண்டுபோய் சேக்குற பொறுப்பு அவங்களோடது. நீங்களா போய் லேட்டானா கப்பல் கிளம்பிரும், அதுல தயவு தாட்சண்யமே கிடையாது. 2024 மார்ச் கடைசில ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமேங்குற தீவுல தனியா டூர் போன எட்டு பேர் லேட்டா வந்தாங்க, கப்பல் இன்னும் கண்ணுக்கு முன்னாடி நங்கூரம் போட்டு நின்னுச்சு, அங்கத்த கடலோர காவல்படையே படகுல கூட்டிட்டுப் போச்சு, அப்பவும் கேப்டன் ஏத்திக்கல. நாடு நாடா அலஞ்சு கடைசில செனகல்ல போய்தான் கப்பலப் பிடிச்சாங்க. அவங்க கூட்டத்துல வயசானவங்களும் கர்ப்பிணியும் இருந்தாங்க. பயமுறுத்துறதுக்காக சொல்லல, அந்த கூடுதல் காசு எதுக்குன்னு தெரிஞ்சு குடுக்கணும், தேவையில்லாத ஊர்ல குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இங்க ஏஜென்ட் விஷயத்துல ஒண்ணு ரொம்ப கவனம். ஏஜென்ட் விக்கிற பேக்கேஜ் எல்லாம் கப்பல் டூர் கிடையாது. நிறைய பேர் உள்ளூர் டூர் கம்பெனியோடத வாங்கி "க்ரூஸ் டூர்"னு பேர் போட்டுத்தான் விக்கிறாங்க, அதுக்கு கப்பல் காத்திருக்காது. அதனால அவருகிட்ட நேராவே கேளுங்க, இந்த டூர் என் கப்பல் புக்கிங் நம்பர்ல ஏறுமா, கப்பல் ஆப்ல எனக்கு தெரியுமான்னு. தெரியும்னா கப்பல் டூர். தெரியாதுன்னா அது வெளி டூர்தான், பேர் என்னவா இருந்தாலும்.

இப்ப பினாங்கு. இங்க கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர் ஜார்ஜ்டவுனுக்குள்ளயே இருக்கு, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த பழைய நகரம் அது, கப்பல்லேருந்து நேரா கரைல கால் வைக்கலாம். வெளிய வந்தா கொஞ்ச தூரத்துலயே விக்டோரியா ராணியோட அறுபதாவது ஆட்சி வருஷத்துக்காக கட்டுன 60 அடி மணிக்கூண்டு, அத ஒட்டி கார்ன்வாலிஸ் கோட்டை, அப்படியே நடந்தீங்கன்னா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833லேருந்து இருக்குற மகாமாரியம்மன் கோயில். தமிழ் பேசுற கடைக்காரங்க, வாழை இலை சாப்பாடு, தோசை, காப்பி எல்லாம் அங்கயே. மாமியாருக்கு நடக்க கஷ்டமா இருந்தா ட்ரைஷாங்குற சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும், ஏறுறதுக்கு முன்னாடியே எவ்வளவு, எவ்வளவு நேரம்னு பேசிக்கங்க. இந்த ஊர்ல பஸ் டூருக்கு அஞ்சு டிக்கெட் போடுறது என்னோட கணக்குல வீண் செலவு.

பினாங்கு ஹில் போகணும்னு பசங்க கேப்பாங்க. 1923லேருந்து மலை ரயில் ஓடுது, இப்ப நவீனமா மாத்திட்டாங்க. டாக்ஸி கூப்பிடுற கிராப் ஆப்ல ஆறு பேர் வண்டின்னு தேர்ந்தெடுங்க, சாதா கார்ல நாலு பேரத்தான் ஏத்துவாங்க. போற வழிலயே கெக் லோக் சி புத்தர் கோயில், மேல குவான் யின் சிலைகிட்ட போக சரிவு லிஃப்ட் இருக்கு, ஆனா லிஃப்ட் வரைக்கும் போறதுக்கே படியும் ஏத்தமும் இருக்கு, மாமியாரக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. லீவு நாள்ல மலை ரயிலுக்கு வரிசை நீளமா நிக்கும், கைல நாலஞ்சு மணி நேரம்தான்னா மலையா, ஜார்ஜ்டவுனான்னு ஒண்ண மட்டும் வச்சுக்கங்க. தண்ணீர்மலை முருகன் கோயில நிறைய பேர் கேப்பாங்க, மலை மேல இருக்குற புதுக் கோயிலுக்கு 500க்கு மேல படி, மூட்டுவலிக்காரங்களுக்கு ஆகாது. சில கப்பல் பினாங்குக்கு மத்தியானத்துக்கு மேலதான் வரும், அப்ப கோயில் நடை நேரத்தையும் பாத்து வச்சுக்கங்க.

ஒருவேளை உங்க கப்பல் பினாங்குக்கு பதிலா போர்ட் கிள்ளான் போற மாதிரி ரூட் மாறுச்சுன்னா இந்தக் கணக்கு மொத்தமும் தலைகீழ். கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், பத்துமலை ஊருக்கு வடக்க இன்னும் தள்ளி, சாயங்கால டிராஃபிக்ல எவ்வளவு ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. நம்ம ஆளுங்களுக்கு முருகனப் பாக்காம வர மனசு வராது, அது எனக்கும் புரியுது, ஆனா அங்க போறதுன்னா கப்பல் பஸ்லயே போங்க. கீழேருந்து பாத்தாலே அந்த பெரிய சிலை நல்லா தெரியும், 272 படி ஏறுறது ஏற முடிஞ்சவங்க பாடு.

புக்கெட்தான் யோசிக்க வேண்டிய இடம். பெரிய கப்பல் பலதும் படோங் கடற்கரைக்கு எதிர்ல கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேருந்து டெண்டர்னு சொல்ற சின்ன படகுல கரைக்கு கொண்டுபோவாங்க. சில கப்பல் தென்கிழக்குல ஆவ் மாகம் துறைமுகத்துல நிக்கும். உங்களுக்கு எதுன்னு கப்பல் ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ இப்பவே கேட்டுருங்க. டெண்டர்னா கப்பல் டூர் எடுத்தவங்கள முதல்ல இறக்குவாங்க, மத்தவங்க டோக்கன் வாங்கி காத்திருக்கணும்.

இப்ப மணி கணக்கு பாருங்க. அட்டவணைல காலைல 8லேருந்து சாயங்காலம் 6 வரைக்கும்னு போட்டிருந்தா பத்து மணி நேரம் கைல இருக்குன்னு நினைப்போம். கப்பல் வந்து அதிகாரிங்க அனுமதி குடுத்து, டோக்கன் வந்து, படகு ஏறி கரைல கால் வைக்க ஒம்பதரை பத்து ஆயிரும். திரும்புறதுக்கு கடைசி டெண்டர் கப்பல் கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு வச்சா 5 மணி, அதுக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னாடியே கரைக்கு வந்துரணும்னு நீங்களா ஒரு எல்லை வச்சுக்கணும், ஆக மூணரை. மிச்சம் அஞ்சரை ஆறு மணி நேரம்தான். ஃபி ஃபி தீவுக்கு போற முழு நாள் டூர்னா படோங்லேருந்து மலை தாண்டி தீவோட கிழக்கு கரைக்கு வேன்ல போய், அங்கேருந்து ஸ்பீட்போட் ஏறி, திரும்ப அதே வழி, நீங்களா போனா இந்த ஆறு மணி நேரத்துக்குள்ள அது அடங்காது. அதனால ஃபி ஃபி, பாங் ங்கா பே மாதிரி படகு டூர் எதுவா இருந்தாலும் கப்பல்லயே புக் பண்ணுங்க, இங்கதான் அந்த கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கு.

இதுல நேர வித்தியாசம் வேற. தாய்லாந்து மணி சிங்கப்பூர், மலேசியா மணிய விட ஒரு மணி நேரம் பின்னாடி. கப்பல் சிங்கப்பூர் மணியிலயே ஓடிச்சுன்னா கப்பல்ல 5 மணின்னா கரைல 4 மணிதான். உங்க போன் கரைக்கு வந்ததும் தானா தாய்லாந்து மணிக்கு மாறிரும், நீங்க போன்ல 5 ஆகலயேன்னு நிதானமா ஷாப்பிங் பண்ணிட்டு இருப்பீங்க, டெண்டர் நின்னு போயிருக்கும். சில கப்பல் மணிய மாத்திப்பாங்க, சிலது மாத்தாது, இறங்குற வாசல்ல எழுதி வச்சிருப்பாங்க, அறிவிப்பும் பண்ணுவாங்க. போன்ல ஆட்டோமேடிக் டைம ஆஃப் பண்ணிட்டு, வீட்டுக்காரர் கைல ஒரு சாதா வாட்ச்ச கப்பல் மணிக்கு வச்சு கட்டச் சொல்லுங்க. பசங்ககிட்டயும் சொல்லி வைங்க, அவங்கதான் ஞாபகமா கேட்டுட்டே இருப்பாங்க.

உங்க குடும்பத்துக்கு ஃபி ஃபி ஸ்பீட்போட் நான் சொல்ல மாட்டேன். அலைல படகு தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு, முதுகு, மூட்டு வலி இருக்குறவங்களுக்கு அது தண்டனை, அதுவும் மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் அந்தப் பக்கம் தென்மேற்கு பருவக்காத்து, கடல் கொந்தளிப்பா இருக்கும். வீட்டுக்காரரும் பசங்களும் ஆசப்பட்டா அவங்க மட்டும் கப்பல் டூர்ல போகட்டும். நீங்களும் மாமியாரும் கப்பலோட வேன் டூர்ல வாட் சாலோங் கோயிலும் பழைய புக்கெட் டவுனும் பாத்துட்டு வரலாம், இல்ல படோங் பீச்ல உக்காந்து இளநி குடிச்சிட்டு திரும்பலாம், அதுக்கு டூரே வேணாம், டெண்டர் இறக்கி விடுற இடமே பீச்தான். அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, அப்படிப் போனா கடைசில ஒருத்தர் கஷ்டப்படுவாங்க.

மாமியார் விஷயத்துல இன்னொண்ணு. டெண்டர்ல ஏறும்போது கப்பலும் படகும் தனித்தனியா ஆடும், நடுவுல ஒரு எட்டு எடுத்து வைக்கணும், ஆளுங்க கைய பிடிச்சுப்பாங்கதான், ஆனா அன்னிக்கு அலை ஜாஸ்தின்னா அவங்க கப்பல்லயே இருக்குறது நல்லது. எல்லாரும் ஊருக்குள்ள போயிட்ட நாள்ல கப்பல் அமைதியா இருக்கும், சாப்பாடு வழக்கம் போல கிடைக்கும். டூர் விவரத்துல எவ்வளவு நடக்கணும், எத்தன படின்னு ஒரு அளவு போட்டிருப்பாங்க, படத்தப் பாத்து புக் பண்ணாம அதப் படிச்சுட்டு புக் பண்ணுங்க.

சாப்பாடு. டூர்ல மதிய சாப்பாடு உண்டுன்னு இருந்தா சைவம்னு புக் பண்ணும்போதே எழுதுங்க, முந்தின நாள் ராத்திரி கப்பல் டூர் கவுன்டர்ல போய் மறுபடி சொல்லுங்க. தாய்லாந்துல காய்கறி குழம்புலயும் மீன் சாஸ் ஊத்துவாங்க, "ஜே"ன்னு கேட்டா மீனும் முட்டையும் இல்லாம தருவாங்க, மஞ்சள் கொடில செவப்பு எழுத்து போட்ட கடைங்க அந்த வகை. கப்பல் பஃபேலேருந்து இட்லி தோசை கட்டி எடுத்துட்டு இறங்க விட மாட்டாங்க, கடைல வாங்குன பிஸ்கட் பாக்கெட் மாதிரி சீல் பிரிக்காதது கைல இருக்கட்டும்.

படோங்ல ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுத்தா திருப்பிக் குடுக்கும்போது கீறல் விழுந்துருச்சுன்னு பெரிய தொகை கேக்குற தகராறு ரொம்ப வருஷமா நடக்குது, பசங்க அடம் பிடிச்சாலும் வேணாம். எதுக்கும் பாஸ்போர்ட்ட அடமானமா குடுக்காதீங்க. யானை சவாரிய நான் யாருக்கும் சொல்றதில்ல, அந்த ஜீவன அதுக்காக பழக்குற விதம் கொடுமையானது, காசு குடுத்து நாம அத வளக்க வேணாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை. சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு பாருங்க, கப்பல் ஏறுனா சிங்கப்பூர விட்டு வெளிய போன கணக்கு, திரும்ப வரும்போது மறுபடி நுழையணும், சிங்கப்பூருக்குள்ள நுழையுறதுக்கு ஆன்லைன்ல போடுற எஸ்ஜி அரைவல் கார்டும் ரெண்டாவது தடவ போடணும். மலேசியா, தாய்லாந்து விதி அடிக்கடி மாறுது, நீங்க அந்த ஊர்ல இறங்காம கப்பல்லயே இருந்தாலும் அது பொருந்தலாம், அதனால கப்பல் கம்பெனி மெயில்ல எழுத்துல என்ன கேக்குதோ அத வாங்கி வைங்க. சில கப்பல்ல பாஸ்போர்ட்ட அவங்களே வாங்கி வச்சுப்பாங்க, ஜெராக்ஸ் ஆளுக்கொண்ணு பைல இருக்கட்டும். தினமும் கப்பல்ல குடுக்குற நிகழ்ச்சி தாள்லயோ ஆப்லயோ அந்த ஊர் போர்ட் ஏஜென்ட், அதான் துறைமுகத்துல கப்பல் கம்பெனி வேலையப் பாக்குற ஆள், அவரோட நம்பர் போட்டிருக்கும், இறங்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, லேட்டானா முதல்ல கூப்பிட வேண்டியது அவங்களத்தான். கடல்ல இருக்கும்போது போன் ஃப்ளைட் மோட்ல இருக்கணும், கப்பல் மொபைல் நெட்வொர்க்ல தெரியாம இணைஞ்சா பில் கண்ணக் கட்டும்.

எப்ப புக் பண்றதுன்னா, புக்கெட்ட இப்பவே கப்பல் ஆப்ல போடுங்க, நல்ல டூர் சீக்கிரம் நிறைஞ்சுரும். பெரும்பாலும் பயணத்துக்கு முன்னாடி வாங்குற விலை கப்பல்ல ஏறி வாங்குறத விட கம்மி, நடுநடுவுல சலுகையும் வரும், விலை இறங்குனா பழச கேன்சல் பண்ணிட்டு புதுசா போடலாமான்னு அந்த கம்பெனி விதியப் படிச்சுக்கங்க. கேன்சல் பண்ண கடைசி நேரம் டூருக்கு டூர் மாறும், அதக் குறிச்சு வைங்க. பினாங்குக்கு எதுவும் கட்ட வேணாம், ஏஜென்ட் எவ்வளவு சொன்னாலும்.

காத்து அடிச்சு கப்பல் ஒரு ஊருக்கே போகலன்னா, டெண்டர் ஊர்ல இது நடக்கும், கப்பல் டூர் காசு தானா திரும்பி வந்துரும். வெளி ஆள்கிட்ட புக் பண்ணியிருந்தா கப்பல் வரலன்னா முழுப் பணமும் திருப்பித் தருவோம்னு எழுத்துல இருக்கான்னு கேளுங்க, வாட்ஸ்அப்ல ஒரு வரி இருந்தாலும் போதும், எழுதித் தர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட அட்வான்ஸ் குடுக்காதீங்க.