மூன்று பெடல் கூப்பே: சோரரா, ஸ்கைலைனா?

கேள்வி: சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன் நான். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வேலைக்குப் போய்வர மைவி கார் இருக்கிறது. ஆசைக்கென்று 50,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். மேனுவல் கியரும் இரண்டு கதவும் உள்ள ஜப்பானிய சொகுசு கூப்பேதான் வேண்டும். 1990களின் டொயோட்டா சோரர் 2.5 டர்போ ஒன்றும், 2004ஆம் ஆண்டு நிஸ்ஸான் ஸ்கைலைன் 350ஜிடி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. கேட்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்? "புத்தி கெட்டுப் போச்சா?" என்கிறார் அப்பா.

- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தொழிற்சாலையிலிருந்தே மேனுவலாக வந்த சோரர் என்றால் அதை வாங்குங்கள். ஓட்டுவதற்கும் உதிரிபாகத்துக்கும் ஸ்கைலைன்தான் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் விலை ஒன்றாக இருந்தாலும் வைத்திருக்கும் செலவு ஒன்றல்ல.

சாலை வரியைப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் 2,000 சிசியைத் தாண்டி 2,500 சிசி வரை உள்ள தனியார் காருக்கு அடிப்படை வரி 380 வெள்ளி. 2,000க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. சோரரின் 2,491 சிசிக்கு வருவது 871 வெள்ளி. 3,000 சிசியைத் தாண்டிவிட்டால் அடிப்படையே 2,130 வெள்ளி, கூடுதல் சிசி ஒவ்வொன்றுக்கும் 4.50 வெள்ளி. ஸ்கைலைனின் 3,498 சிசிக்கு 4,371 வெள்ளி. ஆண்டுக்கு 3,500 வெள்ளி வித்தியாசம். கார் கொட்டகையில் தூங்கினாலும் கட்டியாக வேண்டும். இதற்கு அடுத்து வந்த 3.7 லிட்டர் ஸ்கைலைனைக் காட்டி யாராவது ஆசை மூட்டினால், அதற்கு 5,262 வெள்ளி என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சோரரின் வில்லங்கம். அந்தத் தலைமுறையில் 3.0, 4.0 லிட்டர் கார்களுக்கு ஆட்டோ கியர் மட்டுமே. மேனுவல் வந்தது 2.5 டர்போவில் மட்டும், அதிலும் பல கார்கள் ஆட்டோதான். ஆட்டோவைக் கழற்றி மேனுவல் மாட்டிவிட்டு "ஒரிஜினல்" என்று விற்பவர்கள் உண்டு. பானெட்டைத் திறந்து என்ஜினுக்குப் பின்சுவரில் இருக்கும் சிறு தகட்டைப் படியுங்கள். ஜேஇசட்இசட்30 என்பதற்குப் பின் ஏசிஎம் என்று தொடங்கினால் பிறவி மேனுவல். ஏசிபி என்றால் ஆட்டோவாகப் பிறந்து மாறியது. மாற்றியது பாவமில்லை, நன்றாகச் செய்த வேலையும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

1996க்கு முந்திய கார் என்றால் இரட்டை டர்போ. அவற்றின் டர்பைன் சக்கரம் பீங்கான்; முந்திய முதலாளி பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஏற்றி விளையாடியிருந்தால் உடைந்துபோகும். பூஸ்ட் கண்ட்ரோலர் இருந்ததா, எப்போது கழற்றினார் என்று கேளுங்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கதவைப் பாதி திறந்து கையால் மெல்லத் தூக்கியும் பாருங்கள். நெருக்கமான இடத்தில் திறப்பதற்கென்று செய்த சிக்கலான கீல், கனமான கதவு. தேய்ந்திருந்தால் கதவு தொங்கும்.

ஸ்கைலைனையும் போய்ப் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். அப்படியானால் முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்ப்ரஷன் ராட் புஷ் என்ற ரப்பருக்குள் எண்ணெய் போன்ற திரவம் இருக்கும். கிழிந்தால் கறுப்பாக வழிந்திருக்கும், பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங் நடுங்கும். செம்பனை லாரிகள் கிழித்த தோட்டச் சாலையில் அது நெடுநாள் தாங்காது.

எந்தக் கார் ஆனாலும் பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள். இரண்டு கார்களை வெட்டி ஒன்றாக ஒட்டிய கதைகள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வெல்டிங் கோடு குறுக்கே ஓடினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "இப்போதுதான் ஜப்பானிலிருந்து இறங்கியது" என்றாலும் அப்படியே. வியாபாரிகள் கொண்டுவரும் ரிகான் கார்களுக்கு (வெளிநாட்டில் ஓடி இறக்குமதியாகும் பழைய கார்களுக்கு) ஐந்து வயதுக்கு மேல் அனுமதி கிடையாது.

பெயர் மாற்றத்துக்கு முன், வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனை உண்டு. அது சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிடும். கிளட்ச் எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லாது. அதற்கு உங்கள் பட்டறைக்காரரைக் கூட்டிப்போங்கள். இந்த வயதுக் கார்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. அதனால் 50,000 வெள்ளியையும் காருக்கே கொட்டாமல், 10,000 வெள்ளியாவது பழுதுபார்க்க ஒதுக்குங்கள். ஒரு சின்ன விஷயம்: உங்கள் உரிமம் டி வகைதானே? டிஏ என்றால் மேனுவல் ஓட்ட முடியாது.

கேள்வி: பழைய கார் வியாபாரியிடம் மேனுவல் கூப்பே வாங்கினேன். மூன்றே வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. "உள்ளது உள்ளபடி விற்றது" என்று ரசீதில் இருப்பதால் தன் பொறுப்பில்லை என்கிறார் அவர்.

- வாசகர், பாகாவ்

பதில்: அந்த ஒரு வரியால் அவர் தப்ப முடியாது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி அழித்துவிட முடியாது. ஆனால் காரின் வயதையும் கொடுத்த விலையையும் வைத்தே தரத்தை எடைபோடுவார்கள். புதுக் காருக்குரிய நியாயத்தை எதிர்பார்க்காதீர்கள். பட்டறையில் பழுதின் காரணத்தையும் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகங்களை வீசிவிட வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை. சுங்கை சிப்புட் வாசகரும் கையெழுத்துப் போடும் முன் விற்பவர் வியாபாரியா, தனியாரா என்று கேட்டுக்கொள்ளட்டும்.