முதலாண்டுக்குத் தலைமைப் பண்பு வகுப்பா? ஸ்லைடு வேண்டாம்

வணக்கம் டாக்டர். முதலாண்டு எம்பிபிஎஸ் மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி இரண்டு மணி நேரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், போன வருடம் ஸ்லைடு போட்டதில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதே தப்பைச் செய்தவன்தான்.

ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சிக்கூடம்) சிபிஆர் பொம்மை இருக்குமே, இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றப் பழகுவதற்கு, அங்கே கூட்டிப் போங்கள். ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். ஒருவர் தலைவர். அவர் பொம்மையைத் தொடவே கூடாது. கால்மாட்டில் நின்று பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும். முதல் சுற்றில் "யாராவது 108-க்குப் போன் பண்ணுங்க" என்பார். ஒருவரும் அசைய மாட்டார்கள். அடுத்த சுற்றில் பெயர் சொல்லிக் கேட்கட்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவரை மாற்றுவதும் தலைவர் வேலை. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் தளர்வது அழுத்துபவருக்குத் தெரியாது, நிற்பவருக்குத்தான் தெரியும்.

கிளாஸ் ரெப்பைத் தலைவராக்காதீர்கள். அவர் எப்படியும் பேசுவார். அப்புறம், முடிந்தால் ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸை அழைத்துத் தப்புகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு மருந்தின் டோஸைத் தப்பாக எழுதினேன். தப்பைக் கண்டுபிடித்தவர் ஒரு சிஸ்டர். நான் முதலில் முறைத்தேன், வேறென்ன!

நிர்வாகம் கேட்டால், 2019-இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள். மருத்துவப் பட்டதாரிக்கு அது சொன்ன ஐந்து பொறுப்புகளில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. பொம்மை ஒன்றுதான் என்றால் மற்ற குழுக்கள் சுற்றி நின்று பார்க்கட்டும்.