ஆபீஸ் பழக்கம்தானே என்கிறார்கள்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 41 வயது. சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறேன். அங்கே டாக்குமென்ட் பிரிவில் இருக்கும் அக்காவோடு பத்து வருஷத்துக்கு மேல் பழக்கம். இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி எதுவானாலும் ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்த பிறகுதான் அனுப்புவார். மனிதர்களையும் அப்படித்தான் கவனிப்பார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சாயங்காலம் வந்தார். முதல் நாளே தயிர்சாத டப்பாவோடு ஒரு போன் சார்ஜரும் பையில் இருந்தது. "இதெல்லாம் உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது" என்றார். அந்த நாட்களில் என் பில்களையும் சேர்த்து அவரே முடித்திருக்கிறார். முதலாளியிடம்கூடச் சொல்லவில்லை.

சில நாள் வேலை முடிந்ததும் பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு மண்ணடியில் மெட்ரோ ஏறுவோம். நான் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடுவேன், அவர் திருவொற்றியூர் தேரடி வரை போவார். சில விஷயங்களை அவரிடம் மட்டும்தான் பேச முடிகிறது.

இந்த மாதக் கடைசியில் அவர் மாதவரத்தில் வேறு வேலைக்குப் போகிறார். நினைத்தாலே தொண்டையை அடைக்கிறது. "ஆபீஸ் பழக்கம் ஆபீஸோட போயிடும், இதுக்குப் போய் இப்படி வருத்தப்படுறியே" என்கிறார் கணவர். அக்கா எனக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. ஆனால் எங்களுக்குள் இப்படி முகத்துக்கு நேரே பேசிப் பழக்கமில்லை. சொன்னால் சங்கடப்படுவாரோ?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புச் சகோதரி,

தாராளமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கும் அதே தயக்கத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குபவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தார்கள். உண்மையில் அவ்வளவு கூச்சம் இல்லை. எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட வாங்கியவர்கள் அதிகமாகவே மகிழ்ந்தார்கள்.

"நீங்க இல்லன்னா நான் இல்ல" என்பதுபோல் பொதுவாகச் சொல்ல வேண்டாம். அந்த சார்ஜரைச் சொல்லுங்கள். முதலாளிக்குத் தெரியாமல் உங்கள் பில்களை முடித்தது உங்களுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். தான் செய்ததை ஒருவர் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கிறார் என்று தெரிவதைவிட அவருக்கு வேறென்ன மரியாதை வேண்டும்? நேரில் வார்த்தை வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அப்புறம், ஆபீஸ் பழக்கம் என்ற பேச்சு. ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியரின் ஆய்வுப்படி, ஒருவர் நெருங்கிய நண்பராவதற்குச் சேர்ந்து கழித்த நேரம் 200 மணிக்கும் மேல் வேண்டியிருக்கிறது. அதிலும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த நேரம் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. சேர்ந்து சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, சும்மா இருந்த நேரம்தான் நெருக்கத்தை வளர்க்கிறது. நீங்கள் இருவரும் அத்தோ கடையிலும் மெட்ரோவிலும் வளர்த்த நட்பு இது. ஆபீஸ் உங்களை அறிமுகப்படுத்தியது, அவ்வளவுதான். குடும்பமும் வேலையும் நேரத்தையெல்லாம் விழுங்கும் இந்த வயதில் இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். அவர் போவதற்கு நீங்கள் வருந்துவதில் மிகை எதுவும் இல்லை.

உங்கள் கணவரின் பேச்சில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இதுவரை உங்கள் சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்தது ஆபீஸ். இனி அதை நீங்கள்தான் குறிக்க வேண்டும். "ஒருநாள் பார்க்கலாம்" என்றால் அந்த ஒருநாள் வராது. மாதத்தில் எந்தச் சனிக்கிழமை, எங்கே என்று இப்போதே பேசிவிடுங்கள். அவர் வீடு மாறவில்லையே! தண்டையார்பேட்டையிலிருந்து தேரடிக்கு மெட்ரோவில் சில ஸ்டேஷன்தான். ஒருமுறை கணவரையும் அழைத்துப் போங்கள். அக்காவை நேரில் தெரிந்தால் அவரும் அப்படிச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

சொல்ல நினைத்ததைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அன்று கேக், போட்டோ, எல்லோருடைய கைகுலுக்கல் என்று இருக்கும். இந்த வாரமே, நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.