ஐயா பெயர், பேரன் பெயர்: குடிவழி தேடுவோர் கேள்வி பதில்

கேள்வி: மூத்த மகனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைப்பது எங்கள் நகரத்தார் வழக்கம். ஆறு தலைமுறை எழுதினால் முத்தையா, ராமநாதன் என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. இணையத்தில் ஏற்றியபோது "இவரும் அவரும் ஒருவரா?" என்று தளம் கேட்டது. ஒத்துக்கொண்டதில் ஐயாவும் பேரனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். எப்படிச் சரிசெய்வது?
*– வாசகர், கானாடுகாத்தான்*

பதில்: ஃபேமிலிசர்ச் என்ற குடிவழித் தளத்தில் என்றால் மீட்டுவிடலாம். அந்த நபரின் பக்கத்தில் மாற்றங்களின் பட்டியல் இருக்கும். அதில் இணைப்பை நீக்கும் வசதி உண்டு. இணைத்த பிறகு வேறு திருத்தம் எதுவும் செய்திருந்தால் அந்த வசதி வராது. அப்போது மறைந்துபோன பதிவை மட்டும் தனியாக மீட்டு, உறவுகளை ஒவ்வொன்றாகக் கையால் சேர்க்க வேண்டும். ஆகவே, வேறெதையும் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

அந்தத் தளத்திலும், அதே போன்ற ஜெனி தளத்திலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மரம்தான். பெயரும் வருடமும் நெருங்கி வந்தாலே "ஒருவரா?" என்று கேட்கும். நம் வழக்கம் அதற்குத் தெரியாது. ஐயா பேரன் குழப்பமாவது வயதை வைத்துத் தீரும். அண்ணன் தம்பி மூவரும் தத்தம் மூத்த மகனுக்கு அப்பச்சி (அப்பா) பெயரை வைத்திருந்தால், ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று முத்தையாக்கள் இருப்பார்கள். பெரிய சிக்கல் அதுதான்.

இதற்கு நம்மிடமே வழி இருக்கிறது. நகரத்தார் கோயிலில் கணக்கு வைப்பது ஆள் கணக்கு அல்ல, புள்ளிக் கணக்கு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. நீங்களும் அப்படியே எழுதுங்கள்: "முத்தையா, ராமநாதன் மகன், மனைவி சிவகாமி, பிறந்த ஊர் பள்ளத்தூர், அவர் வீட்டார் மாத்தூர் கோயிலைச் சேர்ந்தவர்கள்." மூன்று முத்தையாக்களுக்கும் மனைவியும் அவர் பிறந்த வீடும் ஒன்றாக இருக்க வழியில்லை. வீட்டு ஆச்சிகளின் பெயரை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் எழுதிய மரங்கள் இந்த இடத்தில்தான் முறிகின்றன.

பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகளை (இனிஷியல்) ஊகித்து விரிக்காதீர்கள். "மு" என்பது முத்தையாவாகவும் இருக்கலாம், முருகப்பனாகவும் இருக்கலாம். ஆவணம் கிடைக்கும்வரை எழுத்தாகவே இருக்கட்டும். முதலில் கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் உங்கள் கணினியிலேயே மரத்தைக் கட்டுங்கள். தமிழிலேயே எழுதலாம். பொது மரத்துக்குப் பிறகு போகலாம்.

கேள்வி: பெட்டகத்தில் இசைகுடிமானமும் பழைய கணக்கு நோட்டும் இருக்கின்றன. படம் எடுத்துப் பகிர நினைக்கிறேன். தேதி எதுவும் புரியவில்லை.
*– வாசகி, தேவகோட்டை*

பதில்: கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத் தாளான இசைவு பிடிமானம்தான் பேச்சில் இசைகுடிமானம் ஆனது. இரு வீட்டாரின் ஊர், கோயில், பெயர் எல்லாம் ஒரே தாளில் இருப்பதால், குடிவழிக்கு இதைவிட நல்ல சான்று வீட்டில் கிடைப்பது அரிது.

வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் நேரடியாக விழாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே கைபேசியைப் பிடித்து எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது; பிறகு பிரிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். "டாக்குமெண்ட்" என்று தேர்ந்து அனுப்புங்கள்.

இனி தேதி. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். "ஆனந்த வருஷம்" என்றால் 1914-15 அல்லது 1854-55. தை, மாசி, பங்குனி மாதங்கள் ஆங்கில ஆண்டில் அடுத்ததற்குப் போய்விடும்: ஆனந்த வருஷம் மாசி என்றால் 1915. இரண்டில் எந்தச் சுற்று என்பதைத் தாளில் உள்ள ஆட்களின் வயதும், எழுதியிருந்தால் கிழமையும் சொல்லிவிடும்.

எண்களைத் தமிழில் எழுதியிருப்பார்கள். ௲௯௱௰௪ என்பது 1914. எட்டு (௮) பார்ப்பதற்கு "அ" போலவும், ஏழு (௭) "எ" போலவும், ஒன்று (௧) "க" போலவும் இருக்கும். விலாசம் என்று நினைத்து எண்ணைப் பெயரில் சேர்த்துவிடுவது நிறைய நடக்கிறது. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௸ வந்தால் மட்டும் நிதானியுங்கள், அது "மேற்படி". "௸யார் மகன்" என்றால் மேல் வரியில் உள்ளவரின் மகன். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே வெட்டிப் பகிர்ந்தால் தகப்பனார் யார் என்பதே தொலைந்துவிடும். ஆகவே, எப்போதும் முழுப் பக்கத்தையும் முந்தின பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: ஐயாவின் அப்பச்சி மலேயாவுக்குக் கொண்டுவிற்க (தொழில் செய்ய) போனவர். இணையத்தில் அவர் தடம் கிடைக்குமா?
*– வாசகர், ராயவரம்*

பதில்: சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் வைத்திருக்கிறது. போருக்கு முந்தைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். முழுப் பெயரைப் போட்டால் அநேகமாக ஒன்றும் வராது. விலாச எழுத்துகளைப் புள்ளியோடு ஒரு முறை, புள்ளியில்லாமல் ஒரு முறை, இடைவெளி விட்டு ஒரு முறை தேடுங்கள். செட்டியார் என்பதை "செட்டி" என்றும் "சிட்டி" என்றும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். பர்மா ஆவணங்களில் ஆங்கில எழுத்து "ஐ" (I) இடத்தில் "ஒய்" (Y) வரும். லெட்சுமணனுக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் உண்டு.

வழக்குச் செய்திகளையும், பவர் பத்திரம் ரத்து அறிவிப்புகளையும் முக்கியமாகப் பாருங்கள். ஏஜெண்டுகள் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கில் போய் வந்தவர்கள். ஆள் மாறும்போது அறிவிப்புக் கொடுப்பதுண்டு. முதலாளியின் விலாசத்தை முன்னால் போட்டு ஏஜெண்டின் பெயர் வருவதும் உண்டு என்பதால், விலாசம் ஒத்துப்போகிறதென்று அவரை உடனே பங்காளியாக எழுதிவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். உங்கள் ராயவரம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடிப் பக்கம் 1910-க்கு முன் மதுரை ஜில்லா. அதன் பிறகு, 1985-இல் சிவகங்கை பிரியும்வரை, ராமநாதபுரம். அந்தக் காலப் பதிவில் "சிவகங்கை மாவட்டம்" என்று தேடினால் கிடைக்காது.

கேள்வி: பிள்ளை கூட்டியவரை (சுவீகாரம் போனவரை) எந்த வீட்டில் காட்டுவது?
*– வாசகி, கண்டனூர்*

பதில்: இரண்டிலும். கிராம்ப்ஸில் ஒருவருக்கு இரண்டு பெற்றோர் குடும்பங்களைச் சேர்த்து, ஒன்றில் "பிறப்பு", மற்றதில் "சுவீகாரம்" என்று குறிக்கலாம். பிள்ளை கூட்டியதும் விலாசம் மாறுவதால், பழைய தாளில் ஒரு முதலெழுத்தோடும் புதிய தாளில் வேறொன்றோடும் வருவார். இரண்டையும் ஒரே பதிவில் எழுதாவிட்டால், பின்னால் வருபவர்கள் அவரை இரண்டு ஆளாக்கிவிடுவார்கள்.

கேள்வி: முழு மரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாமா?
*– வாசகர், காரைக்குடி*

பதில்: மறைந்தவர்களை மட்டும் வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, தாயார் பெயர், வீட்டுப் படம் எதுவும் வேண்டாம். ஏமாற்றுப் பேர்வழிகள் வங்கிக் கணக்கைத் தொட முதலில் தேடுவது இவற்றைத்தான். உறவினருக்குப் பிடிஎஃப் கொடுங்கள். குடிவழி மென்பொருள்கள் படிக்கும் ஜெட்காம் கோப்பாக ஒரு பிரதி இரண்டு வீடுகளில் இருக்கட்டும். தளம் மூடினாலும் மரம் நிற்கும்.

கேள்வி: ஆயாவுக்கு 91 வயது. என்ன கேட்டுப் பதிவு செய்வது?
*– வாசகி, புதுவயல்*

பதில்: இந்த வாரமே உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை அவர் மடிக்கு அருகில் வைத்து, இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பதியுங்கள். வருடம் கேட்காதீர்கள். "உங்களுக்கு முன்னால் வீட்டில் யாருக்குக் கல்யாணம்? அப்போது யார் கைப்பிள்ளை?" என்று கேட்டால் வரிசை தானாக வரும். கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லமாட்டார். அந்தப் பெயர் வைத்த பேரனையும் வேறு பெயரில்தான் கூப்பிட்டிருப்பார். பெயர்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டுங்கள். சரியான பெயரில் விரல் வைப்பார்.